மழையில இறங்கும்போது பின் சக்கரம் வழுக்குது, ஏபிஎஸ் வண்டிதான், அவசரம்

கேத்தி_கேரட் (இரவு 7.40)
குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் இறங்குற ரோட்டுல நேத்து மழையில ரெண்டு தடவை வண்டி பின்னாடி இழுத்துட்டுப் போச்சு. விழல. பிரேக் பிடிச்சா சக்கரம் லாக் ஆகாமத் தடுக்குற ஏபிஎஸ்ஸோட லைட் ஒழுங்கா எரிஞ்சு அணையுது. அப்புறம் எப்படி ஸ்கிட் ஆகும்? நாளைக்குக் காலைல 6 மணிக்கு மறுபடி இறங்கணும். சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

மூடுபனி43
என்ன வண்டி, எந்த வருசம்? பின்னாடி டிரம்மா டிஸ்க்கா? டயர் எப்ப மாத்தினது? காத்து எவ்வளவு? பின்னாடி ஆள் இருந்தாங்களா? இதெல்லாம் தெரியாம எதையும் உறுதியாச் சொல்ல முடியாதுங்க.

பர்லியார்_பலா
வாட்டர் வாஷ் விட்டீங்களா? எனக்கு டயர் பாலிஷ் மேலதான் சந்தேகம். பளபளப்புக்காக டயர் பக்கவாட்டுல தடவுற பாலிஷ் வழிஞ்சு பட்டன் (டயர்ல ரோட்டைத் தொடுற, வரி வெட்டின பகுதி) ஓரத்துக்கு இறங்கிடும். வளைவுல வண்டி சாயும்போது ரோட்டைத் தொடுறது அந்த ஓரம்தான். செயின் ஸ்ப்ரே தெறிச்சாலும் இதே கதி. சோப்புத் தண்ணி ஊத்தி பிரஷ்ஷால ரெண்டு பக்கமும் தேய்ச்சுக் கழுவுங்க.

பழைய_பிஸ்டன்
இதே கேள்விக்கு இங்க பல தடவை பதில் சொல்லியாச்சு. கேட்குறதுக்கு முன்னாடி தேடிப் பார்க்கப் பழகணும். ஏபிஎஸ்னு எழுதியிருந்தா ரெண்டு சக்கரத்துக்கும்னு யார் சொன்னது? 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல வர்ற வண்டிக்கு ஏபிஎஸ் கட்டாயம். ஆனா சிங்கிள் சேனல் இருந்தாலே அந்த விதிக்குப் போதும். சிங்கிள் சேனல்னா முன் சக்கரத்துக்கு மட்டும். பின் டிஸ்க்குக்கு உள்பக்கமா சின்னச் சின்ன ஓட்டை போட்ட வளையமும், அதை ஒட்டி ஒயரோட சென்சாரும் இருக்கான்னு குனிஞ்சு பாருங்க. இல்லேன்னா பின்னாடி ஏபிஎஸ் இல்ல. மிதிச்சா லாக் ஆகத்தான் செய்யும்.

கோத்தகிரி_குளிர்
பிஸ்டன் அண்ணா, விசயம் சரி. ஆனா அவர் பதறிப்போய்க் கேட்குறார், கொஞ்சம் தன்மையாச் சொல்லலாம்.
கேரட், ஒரே ஒரு கேள்வி: பிரேக் மிதிச்சப்ப வழுக்குச்சா, கியர் குறைச்சப்பவா? ரெண்டுக்கும் மருந்து வேற.

ஈரக்காத்து
மழைக்காலத்துல ரெண்டு டயர்லயும் காத்து 5 பாயிண்ட் (psi) குறைச்சு ஓட்டுங்க. டயர் அகலமா உட்காரும், பிடிப்பு கூடும்.

பழைய_பிஸ்டன்
தயவுசெஞ்சு இதைப் பரப்பாதீங்க. காத்து குறைஞ்சா பட்டன் நடுவுல இருக்குற காடி நெருங்கிடும், தண்ணி வெளியேற வழி கிடைக்காது. சேத்துல ஓட்டுறவங்க குறைக்கிறாங்க, அது வேற. தார் ரோட்டுக்குக் கம்பெனி ஸ்டிக்கர்ல இருக்குற அளவுதான்.

ஈரக்காத்து
மலை ஏறினா காத்து தானா கூடுதே, அதையாவது இறக்கணும்ல?

மூடுபனி43
கூடும், ஆனா குளிர் அதை ஈடுகட்டிடும். மேட்டுப்பாளையத்துல 28 வச்சுட்டு 2,240 மீட்டர்ல இருக்குற ஊட்டிக்குப் போனா, வெளிக் காத்தழுத்தம் குறையறதால கேஜ் சுமாரா 3 கூடக் காட்டும். அங்க 15 டிகிரி குளிர் கூடுதலா இருந்தா சுமாரா 2 குறையும். மிச்சம் 1 பாயிண்ட். அதுக்காக வால்வைத் திறக்க வேண்டாம். வண்டி ஓடுறதுக்கு முன்னாடி, டயர் ஆறியிருக்கும்போது பிடிச்சாப் போதும்.

கேத்தி_கேரட் (இரவு 9.15)
சாரி, வேலையில இருந்தேன். 150 சிசி, 2019, ரெண்டு பக்கமும் டிஸ்க். நான் மட்டும்தான். டயர் வண்டியோட வந்தது, பட்டன் நல்லாத்தான் இருக்கு. காத்து எவ்வளவுன்னு தெரியல. வாட்டர் வாஷ் விடல. முதல் தடவை வளைவுக்குள்ள 3ல இருந்து 1க்குப் போட்டு கிளட்ச்சை விட்டதும் இழுத்துச்சு. ரெண்டாவது தடவை பஸ் வந்துச்சு, காலால பிரேக் மிதிச்சேன்.

கோத்தகிரி_குளிர்
முதல் தடவை பிரேக் தப்பே இல்ல. இறக்கத்துல பாரம் முழுக்க முன்னாடி சாய்ஞ்சு பின் சக்கரம் லேசா இருக்கும். அந்த நேரத்துல 1 போட்டு கிளட்ச்சைப் பட்டுன்னு விட்டா இன்ஜினே சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்தும். டூயல் சேனலா, அதாவது ரெண்டு சக்கரத்துக்கும் இருந்தாலும் இதை ஏபிஎஸ் தடுக்காது.

காலைல இப்படி இறங்குங்க. வேகத்தைக் குறைக்கிற வேலை எல்லாம் வளைவுக்கு முன்னாடியே, வண்டி நேரா நிக்கும்போதே முடியணும். 3ல இருந்து 2, அவ்வளவுதான். ஆக்சிலேட்டருக்கு லேசா ஒரு முறுக்கு குடுத்து கிளட்ச்சை மெதுவா விடுங்க. கொண்டை ஊசியில 2லயே திரும்பலாம். முன் பிரேக்கை ரெண்டு விரலால மெல்ல மெல்ல இறுக்குங்க, கால் பிரேக் தொட்டும் தொடாமலும். மழைல டிஸ்க் நனைஞ்சிருந்தா முதல் பிடி தாமதமாத்தான் விழும். அதனால வளைவுக்கு 30, 40 மீட்டர் முன்னாடியே லிவரை லேசா ஒரு தடவை தொட்டு ஈரத்தைத் துடைச்சுக்குங்க. நியூட்ரல்ல உருட்டவே உருட்டாதீங்க.

பஸ் விசயம்: கல்லாறு வரைக்கும் இருக்குற 14 கொண்டை ஊசியிலயும் பஸ்ஸும் லாரியும் ரோடு முழுக்க எடுத்துத்தான் திரும்பும். வளைவுக்கு மேலயே ஹாரன் அடிச்சு ஓரமா நில்லுங்க, ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் உரிமை. டேங்க் நிறைய அடிச்சிட்டு ஏறுற வண்டியில இருந்து டீசல் சிந்துறதும் அங்கதான். ரோட்டுல வானவில் மாதிரி மின்னினாலோ, டீசல் வாசம் வந்தாலோ அந்தத் தடத்தை விட்டு விலகி, சாய்க்காம நேராத் தாண்டுங்க.

மூடுபனி43
டயர் பக்கவாட்டுல 4 இலக்கம் இருக்கும். முதல் ரெண்டு இலக்கம் தயாரிச்ச வாரம், அடுத்த ரெண்டு இலக்கம் வருசம். 2019 டயர்னா பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். நகத்தால அழுத்துங்க, அமுங்காம வழுக்கினா அது மழைக்கு ஆகாது.

பர்லியார்_பலா
செயின் ஆயில் பட்டிருக்கான்னும் பாருங்க. அதை யாரும் கேட்கவே இல்ல.

கேத்தி_கேரட் (மறுநாள் காலை 10.05)
0719. நகம் இறங்கல. பின் டயர்ல காத்து ஸ்டிக்கர்ல இருக்குறதைவிட 9 அதிகம், சரி பண்ணிட்டேன். பின்னாடி சென்சார் இல்ல. 2லயே இறங்கினேன், நல்ல மழை, இழுக்கல. சனிக்கிழமை டயர் மாத்துறேன். எல்லாருக்கும் நன்றி.

ஈரக்காத்து
காத்தைக் குறைச்சதும் சரியாச்சு பாருங்க, நான் சொன்னதுதான்.

பழைய_பிஸ்டன்
கூடுதலா இருந்ததை ஸ்டிக்கர் அளவுக்குக் கொண்டு வர்றது வேற, அதுக்குக் கீழ குறைக்கிறது வேற. அதிகக் காத்துல நடு வரி மட்டும் ரோட்டைத் தொடும், அதான் பிடிப்பு இல்லாம இருந்தது.

மூடுபனி43
கேரட், புது டயர் மேல அதை வார்க்குற அச்சுல இருந்து வர்ற வழவழப்பு இருக்கும். முதல் 100, 150 கி.மீ. மழைல பழைய டயரைவிட மோசமா வழுக்கலாம். சனிக்கிழமை மாத்தினா ஞாயித்துக்கிழமை சமதளத்துல, காஞ்ச ரோட்டுல, கொஞ்சம் கொஞ்சமா சாய்ச்சு ஓட்டி ஓரத்தையும் தேய்ச்சுட்டு அப்புறம் மலை இறங்குங்க.