மறுமொழி: நியூட்ரல் கம்பிக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்குக் கரண்டைக் கொண்டுவரும் ஃபேஸ் கம்பியோடு சேர்ந்து வரும் நியூட்ரல் கம்பிக்கு ‘நடுநிலை’ என்ற சொல் இருக்கிறதே, இன்னும் எதற்கு விவாதம் என்று நேற்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அந்தச் சொல் போதாது என்பது என் எண்ணம். சேலத்தில் தமிழ்வழியில் படித்துவிட்டு எலக்ட்ரீஷியன் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அந்த வகுப்பில் பார்ப்பதை வைத்துத்தான் சொல்கிறேன்.

‘நடுநிலைக் கம்பி’ என்றதும் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள்? இதில் கரண்ட் ஓடாது, தொட்டால் ஒன்றும் செய்யாது என்று. இரண்டுமே உயிருக்கு ஆபத்தான நினைப்பு. 230 வோல்ட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி போட்டால் ஃபேஸ் வழியாகச் சுமார் 4.3 ஆம்பியர் வருகிறது. அதே 4.3 ஆம்பியர் நியூட்ரல் வழியாகத் திரும்பிப் போகிறது. ஒரு துளி குறையாது.

கம்பத்தில் நியூட்ரல் கழன்றுவிட்ட வீட்டைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். ஏதாவது ஒரு விளக்கின் சுவிட்சைப் போட்டுவிட்டு, பிளக்கில் டெஸ்டரை வைத்தால் இரண்டு ஓட்டையிலும் எரியும். விளக்கு மட்டும் எரியாது. “சார், நியூட்ரல்ல எப்படி சார் கரண்ட்?” என்று பையன்கள் மிரண்டு போய்க் கேட்பார்கள். ஃபேஸில் வந்தது விளக்கின் வழியாக நியூட்ரலுக்கு வந்து, மேலே போக வழியில்லாமல் நிற்கிறது. வீட்டுக்குள் இருக்கும் அந்தக் கருப்புக் கம்பி முழுவதும் இப்போது ஃபேஸ்தான். ‘நடுநிலை’ என்ற பெயரை நம்பி அதைப் பிடித்தவன் கதி என்ன?

அதனால்தான் ‘மீள்வழி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். மீள்வழிக் கம்பி என்றும் சொல்லலாம். பெயரைக் கேட்டதுமே இதில் கரண்ட் திரும்புகிறது என்று தெரிந்துவிடும். ‘மீள்கம்பி’ என்று சுருக்கலாம் என ஒருவர் எழுதியிருந்தார். ஆனால் மீள்தன்மை, மீள்விசை எல்லாம் இயற்பியலில் ரப்பர், சுருள்வில் பக்கம் போய்விட்ட சொற்கள். மீள்கம்பி என்றால் இழுத்தால் நீளும் கம்பி என்று படிப்பார்கள். ‘வழி’ சேர்ந்தால் அந்தக் குழப்பம் இல்லை.

இலங்கைப் பாடநூல்களில் நியூட்ரலுக்கு வரும் ‘நொதுமல்’ எனக்குப் பிடித்த சொல். சங்க இலக்கியத்தில் நொதுமலர் என்றால் அயலார். வேதியியலில் அமிலமும் அல்லாத காரமும் அல்லாத நிலைக்கு அது அழகாகப் பொருந்தும். மூன்று ஃபேஸ் டிரான்ஸ்ஃபார்மரில் மூன்று சுருள்களும் கூடும் புள்ளிக்கும் பொருந்தும். நியூட்ரல் என்ற பெயர் அந்தப் புள்ளியைக் குறிப்பதுதானே. புள்ளிக்கு நொதுமல், அதிலிருந்து வீட்டுக்கு வரும் கம்பிக்கு மீள்வழி என்று பிரித்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. மூன்று ஃபேஸிலும் சுமை சமமாக இருந்தால் நியூட்ரலில் எதுவும் திரும்பாதே, அப்போது மீள்வழி என்ற பெயர் பொய்யாகாதா? சரிதான். ஆனால் தெருவில் ஒரு பக்கம் தறிப்பட்டறை, இன்னொரு பக்கம் வீடுகள் என்றிருக்கும் நம் ஊரில் சுமை எப்போது சமமாக இருந்திருக்கிறது? சமன்படாத மிச்சம் திரும்பும் வழியும் அதுதான். அது அறுந்தால், சுமை குறைவான வீட்டில் மின்னழுத்தம் 230 வோல்ட்டைத் தாண்டி ஏறி டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் புகைந்துவிடும்.

அப்புறம் எர்த், அதாவது கருவியின் உடம்பில் கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் கம்பி. இதற்குக் ‘காப்புக் கம்பி’ என்று ஒருவர் சொன்னார். இன்சுலேஷனை ஏற்கெனவே மின்காப்பு என்கிறோம், ஆகவே வேண்டாம். ‘நிலக்கம்பி’ போதும். மீள்வழியும் நிலக்கம்பியும் வேறு வேறு வேலைக்கு என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். ஒன்று டிரான்ஸ்ஃபார்மரில், மற்றது வீட்டருகே என இரண்டுமே மண்ணைத் தொடுவதால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து, நியூட்ரல் போன நேரத்தில் எர்த்தை வைத்து விளக்கெரிக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது.

சேர்வராயன் மலையில் இதைச் செய்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். அங்கே பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. கரியும் உப்பும் கொட்டிக் குழாய் இறக்கினாலும் எர்த்தின் தடை எளிதில் இறங்காது. 50 ஓம் என்று வையுங்கள். அதே 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் தடை சுமார் 53 ஓம். 230 வோல்ட் இந்த இரண்டுக்கும் ஏறத்தாழப் பாதிப் பாதியாகப் பிரியும். எர்த் குழாயில் 110 வோல்ட் நிற்கும். அந்த வீட்டில் எர்த் கொடுத்த கிரைண்டர், மோட்டார் எல்லாவற்றின் உடம்பிலும் அதே 110 வோல்ட். கரண்ட் 2.2 ஆம்பியர்தான் என்பதால் 16 ஆம்பியர் ஃபியூஸ் அசையாது.

ஆங்கிலத்தில் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் இந்தப் பிரிப்பு உதவும். எர்த் என்று பிரிட்டிஷ் நூல்கள் சொல்வதை அமெரிக்க நூல்கள் கிரவுண்ட் என்கின்றன. அதுகூடப் பரவாயில்லை. அமெரிக்க விதிகளில் நியூட்ரலின் பெயர் ‘கிரவுண்டட் கண்டக்டர்’, எர்த்தின் பெயர் ‘கிரவுண்டிங் கண்டக்டர்’. வால் ஒன்று மாறினால் கம்பியே மாறிவிடுகிறது. நான் தன்வினை, பிறவினை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன்: முதலாவது நிலம் சேர்ந்த கம்பி, இரண்டாவது மற்றதை நிலம் சேர்க்கும் கம்பி. ஐந்தாம் வகுப்பு இலக்கணத்தோடு நின்ற பையனுக்கும் இது சட்டென்று பிடிபடுகிறது.

ராஜாஜி இங்கே சேலத்தில் வக்கீலாக இருந்த காலத்தில், 1916இல், அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்கவென்றே வேங்கடசுப்பையர் என்பவரோடு சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார். அப்படிப்பட்ட ஊரில் இன்றைக்கும் பிள்ளைகள் நியூட்ரலைத் தொடலாம் என்று நினைப்பது எனக்கு உறுத்துகிறது.

இலங்கை நண்பர்கள் ஒன்று சொல்லுங்கள்: அங்கே வயரிங் செய்பவர்கள் வேலையிடத்தில் ‘நொதுமல்’ என்று வாய்விட்டுச் சொல்கிறார்களா, இல்லை அது புத்தகத்தோடு நின்றுவிட்டதா? ‘ஃபேஸ்’ பற்றித் தனி இழையில் எழுதுகிறேன். அதற்குச் சொல்லும் ‘கட்டம்’ எனக்கு ஒப்பவில்லை.