ஓட்டு வீட்டு மச்சில் எலித் தொல்லை, எதுவும் பலிக்கல. உதவுங்க

தோவாளை வாசி:
நாகர்கோவில் பக்கம் பழைய வீடு. மங்களூர் ஓடு, பனங்கை (ஓட்டைத் தாங்குற பனைமரக் கைமரம்), கீழே பலகை அடிச்ச மச்சு. மச்சில் நெல் மூட்டை, தேங்காய், பழைய பாத்திரம் கிடக்கு. ராத்திரி பத்து மணிக்கு மேல ஓட்டம் தொடங்கும். கறுப்பு எச்சம், ஏறக்குறைய அரை அங்குலம், இரண்டு முனையும் கூர். ஓட்டு இடுக்கில் நுரை ஸ்ப்ரே அடிச்சோம், கடிச்சுத் துப்பிட்டுது. பொறியில் தேங்காய் வச்சா தொடக்கூட மாட்டேங்குது. வீட்டில் இரண்டு வயசுக் குழந்தை இருக்கு. விஷம் வைக்கலாமா?

வேம்படி:
விஷம் வேண்டாம், முதலில் யார் குடியிருக்கிறது என்று பார்ப்போம். நீங்கள் சொல்லும் எச்சம் கூரை எலியுடையது. சுண்டெலி என்றால் அரிசி அளவே இருக்கும். பெருச்சாளி மண்ணைத் தோண்டும், மச்சுக்கு ஏறுவது அரிது. எச்சத்தை விரலில் நசுக்கினால் பூச்சிச் சிறகுத் துணுக்காக உதிர்ந்தால் வௌவால் (கையுறை போட்டுக்கொண்டு நசுக்குங்கள்).

ஆள் நடப்பது போலக் கனமாகச் சத்தம் வந்தாலும், எச்சத்தில் பழக்கொட்டை கிடந்தாலும், பாஸ்மதி அரிசி வேகும் வாசம் அடித்தாலும் அது மரநாய். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பிடிக்கவோ கொல்லவோ கூடாது. வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கல்மாவுக் கோலப்பொடியைச் சுவர்த்தலையிலும் உத்திரத்தின் மேலும் மெல்லிசாகத் தூவி வையுங்கள். காலையில் தடம் தெரியும். அரிசி மாவு வேண்டாம், தின்றுவிடும். சந்தேகமான ஓட்டையில் செய்தித்தாளைக் கசக்கிச் செருகுங்கள். இரண்டு மூன்று ராத்திரியில் தள்ளப்பட்டிருந்தால் அதுதான் வாசல்.

தச்சுப்பட்டறை:
மங்களூர் ஓட்டு வீட்டில் வழி பெரும்பாலும் ஒரே இடம்தான்: இறவாரத்தில் (கூரை சுவரைத் தாண்டி நீளும் ஓரம்), கைமரத்துக்கும் கைமரத்துக்கும் நடுவே, சுவர்த்தலைக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள சந்து. வெளியிலிருந்து பார்த்தால் நிழலில் மறைந்துவிடும். பகலில் மச்சுக்குள் விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள், வெளிச்சம் வரும் ஒவ்வொரு கோட்டையும் சாக்கட்டியால் குறியுங்கள். 12 மி.மீ. சந்து எலிக்குப் போதும், சுண்டெலிக்கு 6 மி.மீ.

நுரை, நைலான் கொசுவலை, துணி எல்லாம் பல்லுக்கு முன் நிற்காது. கோழிவலையும் உதவாது, கண் பெரிது. கால் அங்குலக் கண்ணுள்ள துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வாங்குங்கள். ஒவ்வொரு சந்துக்கும் நாலு பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக வெட்டி, விளிம்பை எல் வடிவில் மடித்து, மரத்தில் வாஷர் வைத்த ஸ்க்ரூவை 10 செ.மீ.க்கு ஒன்றாக முடுக்குங்கள். பனங்கையில் நேராக ஆணி அடித்தால் நார் பிளக்கும், 3 மி.மீ. துளை போட்டுக்கொண்டு முடுக்குங்கள். சுவர்ப் பக்கம் வலை விளிம்பை ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த கலவையில் புதைக்க வேண்டும்.

சந்து முழுவதையும் சிமென்ட் போட்டு அடைத்துவிட ஆசை வரும். செய்யாதீர்கள். காற்றோட்டம் போய்விட்டால் மழைக்காலத்தில் மரத்தில் பூசணம் பிடிக்கும்.

கரண்ட் வயர், குழாய் நுழையும் துளைகளில் ஸ்டீல் ஸ்க்ரப்பரை இறுக்கித் திணித்து மேலே கலவை பூசுங்கள். இரும்பு நார் துருப்பிடித்துப் பொடியாகும், எவர்சில்வர் நாராக இருக்கட்டும். மோட்டு ஓட்டில் (கூரை உச்சியில் கவிழ்த்த ஓடு) பழைய பூச்சு வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு வழியை மட்டும் கடைசி வரை திறந்து வையுங்கள். எல்லாவற்றையும் முதல் நாளே மூடினால் உள்ளே மாட்டியது பலகையைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குள் இறங்கும்.

மரக்கிளை கூரையிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். தென்னை நெருங்கி நின்றால் தண்டில் ஆள் உயரத்துக்கு மேல் 40 செ.மீ. அகலத் தகரம் சுற்றுங்கள். ஆனால் மட்டை கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் தகரத்தால் பயனில்லை.

தோவாளை வாசி:
நன்றி அண்ணே. இறவாரத்தில் ஏழு சந்து தெரியுது. பொறியைத் தொடாததுக்கு என்ன காரணம்?

வேம்படி:
இரண்டு காரணம். கூரை எலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும். பக்கத்தில் நெல் மூட்டை இருக்கும்போது தேங்காய்த் துண்டுக்கு ஏன் வரப்போகிறது? நெல்லை மூடியுள்ள தகர டிரம்முக்கு மாற்றுங்கள், தேங்காயைக் கீழே இறக்குங்கள். இதைச் செய்யாமல் பொறி வைப்பது வீண்.

பிறகு எட்டுப் பத்து அடிபொறி ஒரே நேரத்தில் வேண்டும். தரையில் அல்ல, உத்திரத்தின் மேலும் சுவரோரமும், தடம் கண்ட இடத்தில். இரை வைக்கும் முனை சுவரைத் தொட, பொறி குறுக்காக நிற்கட்டும். விழாதபடி கட்டிவிடுங்கள். நாலு நாள் இரை மட்டும் வைத்து வில்லை ஏற்றாமல் விடுங்கள். தின்னத் தொடங்கியதும் எல்லாவற்றையும் ஒரே சாயங்காலம் ஏற்றுங்கள். சுட்ட தேங்காய், வேர்க்கடலை, கருவாடு எதுவானாலும் நூலால் கட்டினால்தான் வில் விழும். தொடர்ந்து ஒரு வாரம் கோலப்பொடியில் தடமில்லை என்றால் திறந்து வைத்த அந்தக் கடைசி வழியையும் மூடுங்கள்.

ஒட்டு அட்டை வேண்டாம், பிராணி நாள்கணக்கில் துடித்துச் சாகும், பல்லியும் குருவியும் மாட்டும்.

மருந்தாளுநர்:
விஷத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. அதற்கு முறிவு மருந்து கிடையாது. தின்றவர் முதல் இரண்டு நாள் நன்றாக இருப்பது போலத் தோன்றும், பிறகு கல்லீரல் கெடும். குழந்தை இருக்கும் வீட்டில் வாசலைக்கூடத் தாண்டக் கூடாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டாலே நச்சு வாயு விடும், பலகை மச்சின் இடுக்கு வழியாகக் கீழே அறைக்குள் இறங்கும்.

ப்ரோமாடியோலோன் கேக் ரத்தம் உறைவதைத் தடுப்பது. அதற்கு வைட்டமின் கே1 முறிவு உண்டு, ஆனாலும் மச்சுக்கு ஏற்றதல்ல. எலி சாக நாலு நாளுக்கு மேல் ஆகும். தண்ணீர் தேடி வெளியே போய்ச் சாகும் என்பது கடைக்காரர் பேச்சு. ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவே செத்தால் நாற்றத்தைத் தாங்க முடியாது.

சுத்தம் செய்யும்போது எச்சத்தை உலர்ந்தபடி பெருக்காதீர்கள். எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளித்து, பத்து நிமிடம் ஊறியபின் பழைய துணியால் வழித்தெடுங்கள். கையுறை, முகக்கவசம் கட்டாயம். ஆசிட், பினாயில் எதையும் இதோடு கலக்கக் கூடாது. கையில் கீறல் இருக்க, ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மச்சு சுத்தம் செய்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தச்சுப்பட்டறை:
மெயினை அணைத்திருக்கும் அதே நேரத்தில் வயரையும் பார்த்துவிடுங்கள். செம்பு தெரியும் இடத்தில் டேப் சுற்றி விட்டால் போதாது, அந்த நீளத்தை எலக்ட்ரீஷியன் மாற்றி பைப்புக்குள் விடட்டும். சுத்தம் முடிந்து மெயினைப் போடுவதும் அவர் பார்த்த பிறகுதான்.