அமெரிக்காவில் குடியேறிகள் மீதான வெறுப்பு: கூலிப் போட்டியா, இனப் பகையா?

கேள்வி:
1850களில் அயர்லாந்துக் கத்தோலிக்கர்களை அமெரிக்காவுக்கே ஆபத்து என்று தூற்றிய ஒரு கட்சி செல்வாக்குடன் விளங்கியது. கால் நூற்றாண்டுக்குள், சீனர்களை வெளியேற்றக் கோரி கலிபோர்னியாவில் கூட்டம் திரட்டிய டெனிஸ் கியர்னியோ அயர்லாந்திலேயே பிறந்தவர். இந்த வெறுப்பின் வேர் வேலை பறிபோகும் என்ற அச்சமா, அல்லது மதமும் இனமுமா?

பதில் 1:
அச்சத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. கண்டம் கடக்கும் ரயில்பாதை 1869இல் முடிந்ததும் அதில் உழைத்த சீனர்கள் வேறு வேலை தேட வேண்டியிருந்தது. 1873இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடி எல்லோரையும் வாட்டியபோது, கூலியைக் குறைத்த முதலாளியை விட்டுவிட்டு, அந்தக் கூலிக்கு இசைந்தவர் மீதே கோபம் பாய்ந்தது. 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர்களைத்தான் தடுத்தது. வணிகர்களையும் மாணவர்களையும் அல்ல.

பதில் 2:
அது பாதி உண்மை. குடியேறிய சீனர் எவருக்கும் நீதிமன்றங்கள் குடியுரிமை வழங்கலாகாது என்றும் அதே சட்டம் விதித்தது. அதில் வணிகருக்கு விலக்கில்லை. மேலும், 1834இல் பாஸ்டனுக்கு அருகே கத்தோலிக்கக் கன்னியர் மடம் எரிக்கப்பட்டதற்கும், பள்ளிகளில் எந்த பைபிளைப் படிப்பது, கத்தோலிக்கருடையதையா புராட்டஸ்டன்டுகளுடையதையா என்ற சர்ச்சை முற்றி 1844இல் பிலடெல்பியாவில் கத்தோலிக்கத் தேவாலயங்கள் எரிந்ததற்கும் கூலிக் கணக்கு மட்டும் விடையாகாது.

பதில் 3:
1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தைப் பாருங்கள். 1920ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கையில் இருந்தும், 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு நாட்டிலும் பிறந்தவராகப் பதிவானோரில் 2 விழுக்காட்டையே ஆண்டு ஒதுக்கீடாக வைத்தார்கள். இத்தாலியரும் கிழக்கு ஐரோப்பிய யூதரும் பெருந்திரளாக வந்தது 1890க்குப் பிறகுதான் என்பதால், இத்தாலியின் ஒதுக்கீடு சுமார் 42,000இலிருந்து 4,000க்கும் கீழே இறங்கியது. ஆசியர்களுக்கு ஏறக்குறைய முழுத் தடை. ஆனால் மெக்சிகோவுக்கு ஒதுக்கீட்டு வரம்பே கிடையாது, ஏனெனில் தென்மேற்குப் பண்ணை முதலாளிகளுக்கு மலிவான ஆட்கள் தேவைப்பட்டார்கள். கூலி குறைவதே கவலை என்றால் முதலில் மூடியிருக்க வேண்டிய கதவு அதுதானே?

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் 1943இல் சீனர் மீதான தடையை நீக்கியது மனமாற்றத்தாலா?

பதில் 3:
போரில் சீனா நட்பு நாடு. அந்தத் தடையை ஜப்பான் பிரசாரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. தடையை நீக்கியபின் சீனர்களுக்கு அளித்த இடம் ஆண்டுக்கு 105.