கர்நாடக வயலின் பழகிய கைக்கு, செவ்வியல் அல்லாத இசையில் எதிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி: தனிவில்

வர்ணமும் சில கீர்த்தனைகளும் வரை வாசிப்பேன். சுருதி 5 கட்டை (மேற்கத்திய ஜி), தரையில் அமர்ந்து வாசிக்கும் முறை. கச்சேரிக்காக இல்லை, மாலையில் அரை மணி நேரம் உற்சாகமாக வாசிக்க ஏதாவது வேண்டும். ஐரிஷ் ஃபிடில் (நாட்டுப்புற வயலின் இசை) கேட்க மிகவும் பிடிக்கிறது. ஆனால் அதே மெட்டை நான் வாசித்தால் ஜண்டை வரிசை (ஸ்வரங்கள் இரட்டையாக வரும் தொடக்கப் பயிற்சி) போல ஒலிக்கிறது. மேற்கத்திய நொட்டேஷன் படிக்க வராது. தந்திகளை மேற்கத்திய முறையில் ஜி-டி-ஏ-இ என்று மாற்றியே ஆக வேண்டுமா? சினிமாப் பாட்டு தவிர வேறு என்ன வாசிக்கலாம்?

பதில்: ஹரிகாம்போஜி

மாற்ற வேண்டாம். ஐரிஷ் இசைக்கு முன்னால் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதி ஃபிடில் இசையைத் தொடங்குங்கள். ‘ஓல்டு டைம்’ என்பார்கள். அதில் ஏ-இ-ஏ-இ என்று சுருதி சேர்ப்பது மிகவும் வழக்கம். தடித்த தந்தியிலிருந்து பார்த்தால் ஸ-ப-ஸ-ப, அதாவது நம் முறையேதான். 5 கட்டையில் உங்கள் வயலின் ஜி-டி-ஜி-டி. அந்தச் சுருதியிலும் அங்கே வாசிக்கிறவர்கள் உண்டு.

ஒலிப்பதிவோடு சேர்ந்து வாசிக்க ஆசைப்பட்டு உங்கள் தந்திகளை ஏ வரை முறுக்காதீர்கள். 2 அரைஸ்வரம் (செமிடோன்) ஏற்றினாலே ஒவ்வொரு தந்தியின் இழுவிசையும் சுமார் 26 சதவீதம் கூடும். தந்தி அறுபடலாம், குதிரையும் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) விரல்பலகைப் பக்கம் சாயும். ஆடாசிட்டி மென்பொருளில் பதிவின் சுருதியை 2 அரைஸ்வரம் இறக்கி, வேகத்தை 70 சதவீதத்துக்குக் குறைத்துக்கொண்டால் போதும்.

முதல் மெட்டாக ‘ஓல்டு ஜோ கிளார்க்’ எடுங்கள். ஹரிகாம்போஜி ராகத்தின் ஸ்வரங்கள்தான். முதல் பகுதி பஞ்சமத்தில் எழுந்து கைசிகி நிஷாதத்தை (நி-யின் தாழ்ந்த வடிவம்) தொட்டு இறங்கும். அந்த நிஷாதத்தை அசைக்கவே கூடாது, நேராக நிற்க வேண்டும். நம் கை தானாக அசைக்கும் என்பதால் இதற்கென்று தனியாகச் சாதகம் தேவை. அதற்கு முத்துஸ்வாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளில் அமைத்த நொட்டுஸ்வரங்களைவிட நல்ல பயிற்சி கிடையாது. ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டேதான். கமகமே இல்லாமல், ஒவ்வொரு ஸ்வரமும் வெட்டி வைத்தது போல விழும்வரை அதை வாசித்துவிட்டு அப்புறம் ஃபிடில் மெட்டுக்குப் போங்கள்.

ஜண்டை வரிசை போல ஒலிப்பதற்குக் காரணம் இடது கை இல்லை, வில். எல்லா ஸ்வரத்துக்கும் சம நீளம், சம அழுத்தம் கொடுக்கிறீர்கள். ‘ஷஃபிள்’ பழகுங்கள்: ஒரு அட்சரத்துக்கு (தாளத்தின் ஒரு தட்டு) ஒரு நீண்ட வீச்சு, பிறகு அரை அட்சரத்துக்கு ஒன்றாக இரண்டு குட்டை வீச்சு. இழு, தள்ளு-இழு. அடுத்த சுற்று தள்ளும் வீச்சில் தொடங்கும். அது தவறில்லை, இரண்டு சுற்று முடிந்ததும் மறுபடி இழுப்பில் வந்து நிற்கும். வில்லின் நடுப்பகுதியில் நான்கு விரற்கடை அகலம் போதும். முழு வில்லும் இழுத்தால் இந்த இசை செத்துவிடும். முதலில் இரண்டு திறந்த தந்திகளில் மட்டும், மெட்ரோனோம் 70-இல் வைத்துச் செய்யுங்கள்.

பதில்: கிளேர்_ரீல்

மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் மனம் ஐரிஷில் இருந்தால் ஒரு கட்டத்தில் ஜி-டி-ஏ-இ-க்கு வரத்தான் வேண்டும். பெரும்பாலான மெட்டுகள் டி, ஜி சுருதிகளில், அந்தத் தந்திகளின் முதல் நிலையில் விரல் எட்டும்படி அமைந்தவை. டி-யை ஸட்ஜமாக வைத்தால் திறந்த தந்திகள் ம-ஸ-ப-ரி என்று வரும். முதலில் விரல் தடுமாறும். இரண்டாவது வயலின் இருந்தால் அதை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். ஒரே வயலினில் தினமும் மாற்றினால் தந்தி சுருதியில் நிற்காது.

நொட்டேஷன் தடையே இல்லை. ஏபிசி நொட்டேஷன் நம் ஸ்வரக் குறிப்பு போல வெறும் எழுத்துகள்தான்: ஆங்கிலப் பெரிய எழுத்து கீழ் ஸ்தாயி, சிறிய எழுத்து மேல் ஸ்தாயி. ‘தி செஷன்’ தளத்தில் ஆயிரக்கணக்கான மெட்டுகள் இந்த முறையில் இலவசமாக உள்ளன. பழைய தொகுப்பு வேண்டுமென்றால் பிரான்சிஸ் ஓநீல் 1907-இல் வெளியிட்ட 1,001 நடன மெட்டுகள்.

‘கெஷ் ஜிக்’ எடுத்துக்கொள்ளுங்கள். 8 அளவை (பார்) கொண்ட இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் இருமுறை. ஜிக் என்பது திஸ்ர நடை (ஒரு தட்டுக்கு மூன்று ஸ்வரம்), ஆனால் மூன்றும் சமமல்ல: முதலாவது சற்று நீளும், இரண்டாவது குறுகும், மூன்றாவது அடுத்த தட்டுக்குத் தள்ளிவிடும். மூன்றாவது ஸ்வரத்தையும் அடுத்த தட்டின் முதல் ஸ்வரத்தையும் ஒரே வில்லில் சேர்த்தால் அந்த ஊஞ்சல் வரும். தட்டின் தொடக்கத்திலேயே வில்லை மாற்றிக்கொண்டிருந்தால் அணிவகுப்பு இசை ஆகிவிடும்.

‘ரோல்’ என்ற அலங்காரத்தைக் காந்தாரத்தில் சொன்னால் க-ம-க-ரி-க, ஒரே வில்லில். இடையில் வரும் மத்யமத்தை இழைக்கக் கூடாது. சுருதி கேட்காத அளவுக்கு விரல் தந்தியைத் தட்டிவிட்டு எழ வேண்டும். கேட்டுப் பழக ஐரிஷ் ஃபிடில் கலைஞர் மார்ட்டின் ஹேஸ். நிதானமாக வாசிப்பவர், வில் எங்கே மாறுகிறது என்பது காதில் விழும்.

பதில்: பாட்டுப்பெட்டி

சினிமாப் பாட்டை ஒதுக்க வேண்டாம். கரோக்கிப் பதிவையும் 5 கட்டைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் பாடகரின் வரியை வாசியுங்கள். இடையிசை பல வயலின்கள் சேர்ந்து வாசிப்பது, ஒற்றை வயலினில் மெலிந்து ஒலிக்கும்.

தனிவில்:

ஷஃபிள் முயன்றேன். இரண்டு தந்தியைச் சேர்த்து வாசிக்கும்போது கீச்சிடுகிறது, அல்லது ஒரு தந்தி மட்டும் ஒலிக்கிறது. குதிரையைத் தேய்த்துத் தட்டையாக்கலாமா?

ஹரிகாம்போஜி:

தேய்க்காதீர்கள். பிறகு கீர்த்தனை வாசிக்கும்போது பக்கத்துத் தந்தி உரசும். கீச்சு பெரும்பாலும் அழுத்தம் அதிகமானதாலோ வில் குதிரைக்கு மிக அருகில் போனதாலோ வருவது. வில்லை விரல்பலகைப் பக்கம் அரை அங்குலம் நகர்த்தி, ஆட்காட்டி விரலின் பாரத்தைக் குறையுங்கள். ஒரு தந்தி மட்டும் ஒலித்தால் முழங்கையின் உயரம் தவறு: முதலில் ஒற்றைத் தந்தியில் நீண்ட வில் இழுத்துக்கொண்டே, முழங்கையை மெல்ல உயர்த்தி அடுத்த தந்தி லேசாகச் சேரும் இடத்தில் நிறுத்துங்கள். மெட்டு உச்சப் பஞ்சமத் தந்தியில் ஓடும்போது பக்கத்து ஸட்ஜத் தந்தி கேட்டும் கேட்காமலும் இருந்தால் போதும், இரண்டும் சமமாக ஒலிக்கத் தேவையில்லை. விரல் நுனி செங்குத்தாக விழாமல் பக்கத்துத் தந்தியைத் தொட்டாலும் அது ஊமையாகிவிடும், அதையும் பாருங்கள்.