மறு: 'ரேஸ் கண்டிஷன்' – பந்தய நிலையா, முந்துவழுவா?

வணக்கம். ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு நிரல்களில் எது முந்தும் என்று உறுதியில்லாத நிலைதான் 'ரேஸ் கண்டிஷன்'. அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> 'பந்தய நிலை' என்றே வைத்துவிடலாமே, நேர்ப்பொருள்தானே?

நேர்ப்பொருள்தான். ஆனால் எனக்கு மாட்டுவண்டிதான் கண்முன் ஓடியது. ஒரு பழைய பாதுகாப்பு ஓட்டையில் இந்தச் சொல்லைப் பொருத்திப் பார்ப்போம்.

கோப்புகளைக் கையாளும் கட்டளைகள் அடங்கிய குனு ஃபைல்யூடில்ஸ் தொகுப்பில் 2002-இல் வெளியே தெரிந்த சிக்கல் அது. அடைவு (கோப்புறை) ஒன்றை முழுதாக அழிக்கச் சொன்னால் 'ஆர்எம்' என்ற அழிப்புக் கட்டளை படிப்படியாக உள்ளே இறங்கும், அழிக்கும், மேலடைவைக் குறிக்கும் இரட்டைப்புள்ளி வழியாக மேலே ஏறும். எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனர் /டெம்ப்/அ-வை அழிக்கிறார், ஆர்எம் இப்போது /டெம்ப்/அ/ஆ/இ-க்குள் நிற்கிறது என்று வையுங்கள். அந்த நேரம் பார்த்து வேறொருவர் 'இ'-யைத் தூக்கி நேரே /டெம்ப்-க்குள் போட்டுவிடுகிறார். ஆர்எம் ஒரு படி ஏறுகிறது. 'ஆ'-வில் இருப்பதாக அதற்கு நினைப்பு, இருப்பதோ /டெம்ப்-இல். இன்னொரு படி ஏறினால் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள ரூட் அடைவு! அங்கே அழிக்கத் தொடங்கினால் என்ன மிஞ்சும்?

திருத்தம் எளிமையானது: ஏறியபின் அடைவின் அடையாளங்களான சாதன எண்ணும் ஐநோட் எண்ணும் முன்பு குறித்துவைத்தவைதானா என்று ஒப்பிடு, இல்லையென்றால் நின்றுவிடு. ஆனாலும் இந்த இனம் ஒழியவில்லை. ரஸ்ட் நிரல்மொழியின் அடைவழிப்புச் செயற்கூறிலும் இதன் உறவுக்காரன் ஒருவன் இருந்தான், 2022-இல் 1.58.1 பதிப்பில்தான் சரியானது.

இதில் பந்தயம் எங்கே? ஆர்எம்முக்குப் போட்டி நடப்பதே தெரியாது. ஒருவர் இடையில் முந்திக்கொண்டார், அவ்வளவுதான். அதனால் 'முந்துவழு' என்கிறேன். திணை வழு, பால் வழு படித்தவர்களுக்கு 'வழு' புதிதல்ல. நிரலில் உள்ள பிழையான 'பக்'குக்கும் அதைத்தான் புழங்குகிறோம். பாதுகாப்பு அறிவிப்பில் வைத்துப் பாருங்கள்: "ஆர்எம் கட்டளையில் இருந்த முந்துவழு சரிசெய்யப்பட்டது." இதே இடத்தில் "பந்தய நிலை சரிசெய்யப்பட்டது" என்றால் மைதானத்தைச் செப்பனிட்டதுபோல இருக்கிறது.

> எல்லா ரேஸும் வழு ஆகாதே? யார் முந்தினாலும் விடை மாறாத இடங்கள் உண்டே.

சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பொதுவானதற்கு 'முந்துநிலை', கெடுதல் செய்வதற்கு மட்டும் 'முந்துவழு'. மொழிபெயர்ப்புக் கோப்பில் இரண்டையும் தற்காலிகமாக ஏற்றியிருக்கிறேன், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். 'ஓட்டை'யா 'பாதிப்புநிலை'யா என்ற பழைய சண்டையை மட்டும் இந்த இழையில் கிளற வேண்டாம்.