லீவரைத் தொடாமலே முன் டிஸ்க் பிடித்துக்கொண்டது: கொல்லிமலை இறக்கத்தில் பட்ட பாடு

என் வண்டி 2007 மாடல், 150 சிசி, முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். கொல்லிமலையில் இருந்து காரவள்ளிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். 70 கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டியிருக்க மாட்டேன், யாரோ முன்னால் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தது. ஓரம்கட்டி நியூட்ரல் போட்டேன். அவ்வளவு இறக்கத்திலும் வண்டி ஒரு அடி நகரவில்லை. டிஸ்க் நீலம் பாரித்துக் கிடந்தது, பிரேக் பேட் கருகிய நாற்றம். பக்கத்தில் நின்றவர் தண்ணீர் ஊற்றச் சொன்னார், நான் ஊற்றவில்லை. அந்தச் சூட்டில் ஊற்றினால் டிஸ்க் கோணிக்கொள்ளும். அரை மணி நேரம் கழித்துச் சக்கரம் தானாகவே சுற்றியது. அப்புறம் இரண்டாம் கியரிலும் பின் பிரேக்கிலும் அடிவாரம் வந்து சேர்ந்தேன்.

ஊரில் ஒரு கடையில் காலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்துகிற பாகம்) போய்விட்டது என்றார்கள். பிஸ்டன், சீல், பேட் எல்லாம் புதிது மாட்டினேன். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மறுபடியும் அதே கதை. அப்புறம்தான் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் சொன்னதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், காசு மிச்சம், உயிரும் மிச்சம்.

வண்டி ஆறுவதற்குள், சக்கரம் ஜாமாகி இருக்கும்போதே பார்க்க வேண்டும். முதலில் மாஸ்டர் சிலிண்டரில் (ஹேண்டிலில் லீவரோடு இருக்கிற, ஆயிலைத் தள்ளுகிற பாகம்) பிரேக் ஹோஸ் சேருகிற போல்ட்டைச் சுற்றித் துணியைப் பிடித்துக்கொண்டு லேசாகத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டரில். விடாவிட்டால் அதை இறுக்கிவிட்டு, கீழே காலிப்பர் நிப்பிளை (காற்றும் ஆயிலும் வெளியே விடுகிற சின்னத் திருகு) திறந்துவிடுங்கள். பிரேக் ஆயில் பீய்ச்சியடித்து அப்போது சக்கரம் விட்டால், ஹோஸ் உள்ளுக்குள் ஊதி அடைத்திருக்கிறது, வெளியே பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். அதற்கும் விடவில்லையென்றால்தான் பிஸ்டனோ, காலிப்பர் நகருகிற பின்னோ துருவேறி இறுகியிருக்கிறது என்று அர்த்தம். என் வண்டியில் மேல் போல்ட்டைத் தளர்த்தியதுமே விட்டுவிட்டது. அதாவது, காலிப்பருக்குச் செலவு செய்ததெல்லாம் வீண்.

மாஸ்டர் சிலிண்டர் மேல் இருக்கிற பிரேக் ஆயில் தொட்டியின் அடியில் இரண்டு துளை இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியும், இன்னொன்று ஊசி நுனி அளவு. லீவரை விட்டதும் மிச்ச அழுத்தம் தொட்டிக்குத் திரும்புவதும், சூட்டில் ஆயில் விரிந்தால் வழிவிடுவதும் அந்தச் சின்னத் துளைதான். என்னுடையதில் பழுப்புக் களிம்பு அடைத்திருந்தது. ஒயரில் இருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி, அதை வைத்தே குத்தி எடுத்தார். பிறகு மூடியைத் திறந்து வைத்து லீவரை மெல்லத் தட்டச் சொன்னார். தொட்டிக்குள் சின்ன ஊற்றுபோல ஆயில் மேலெழும்பியது. அது எழும்பினால் துளை திறந்திருக்கிறது. அன்றிலிருந்து இதுவரை பிரேக் இழுக்கவே இல்லை.

—

அண்ணா, எனக்கு நேர் எதிர். ஹோஸ் மாற்றிய பிறகு லீவர் பஞ்சு மாதிரி கைப்பிடி வரைக்கும் வருகிறது. மூன்று தடவை பிரேக் லைனில் இருந்து காற்று எடுத்தாச்சு, நிப்பிளில் குமிழியே வருவதில்லை, ஆனாலும் சரியாகவில்லை.

—

தம்பி, காற்று கீழே இல்லை, மேலே ஹோஸ் போல்ட் பக்கம் நிற்கிறது. ஹேண்டிலைத் திருப்பி மாஸ்டர் சிலிண்டர் உயரமாக இருக்கிற மாதிரி நிறுத்துங்கள். மூடி பக்கத்தில் எந்த ஆயில் என்று எழுதியிருக்கும், அதையே ஊற்றுங்கள், டாட் 4 (பிரேக் ஆயிலில் ஒரு தரம்) என்றால் புது டப்பா. திறந்து வைத்த ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 230 டிகிரி வரை கொதிக்காதது ஈரம் ஏறினால் 155லேயே கொதித்துவிடும், மலை இறக்கத்தில் அது போதும் பிரேக் இல்லாமல் போக. பெட்ரோல் டேங்க் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயிண்ட்டைத் தின்றுவிடும். ரப்பர் சாமானைப் பெட்ரோலில் கழுவ வேண்டாம், ஊதிவிடும். போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர் போட்டீர்களா?

இன்று ராத்திரி லீவரை அழுத்தி, பழைய சைக்கிள் ட்யூப் துண்டால் கைப்பிடியோடு இறுக்கிக் கட்டிவிட்டுத் தூங்குங்கள். காலையில் அவிழ்த்து, லீவரை மெல்லத் தட்டினால் குமிழி தொட்டிக்குள் மேலே வரும். பிறகு அழுத்திப் பிடித்துப் பாருங்கள். லீவர் நின்ற இடத்திலேயே நின்றால் கோளாறு காற்றுதான், அது தீர்ந்தது. கெட்டியாக நின்று பிறகு மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் தேய்ந்திருக்கிறது, அந்த ரப்பர் கிட் மாற்றாமல் ரோட்டில் எடுக்காதீர்கள்.