டெவ்-சி++ இல் சி++17 நிரல் ஓடவில்லை: கொம்பைலரில் எதை மாற்ற வேண்டும்?

அக்கராயன் மாணவி:
வணக்கம். குளங்களின் பெயர்களையும் காலபோகத்தில் அவற்றின் கீழ் விதைக்கப்பட்ட ஏக்கர்களையும் ஒரு 'மேப்'பில் (பெயரையும் அதற்குரிய மதிப்பையும் சோடியாக வைக்கும் அமைப்பு) வைத்து அச்சிடும் சிறிய நிரல் ஒன்றை எழுதியுள்ளேன். வவுனியாவில் இருக்கும் தோழியின் மடிக்கணினியில், உபுண்டு 22.04 இயங்குதளத்தில், எந்தத் தெரிவும் கொடுக்காமலே அது ஓடியது. அதே கோப்பை வீட்டுக் கணினியில் டெவ்-சி++ 5.11 என்ற நிரல் எழுதும் மென்பொருளில் திறந்து எஃப்9 ஐ அழுத்தினால், சி++98 முறையில், மேப்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தானே எடுக்கும் 'ஃபோர்' சுழற்சிக்கு இடமில்லை என்று பிழை காட்டுகிறது. ஓர் எழுத்தும் மாற்றாத நிரல் இங்கே மட்டும் ஏன் நிற்கிறது?

வவுனிக்குளம்:
தங்கச்சி, பிழை உங்கள் நிரலில் இல்லை. டெவ்-சி++ 5.11 உடன் வரும் கொம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) ஜிசிசி 4.9.2. எந்தத் தரம், அதாவது எந்த ஆண்டின் சி++ விதிகள், என்று நாம் சொல்லாவிட்டால் அது 1998 ஆம் ஆண்டின் சி++ ஆகவே நிரலை வாசிக்கும். 'டூல்ஸ்' பட்டியலில் 'கொம்பைலர் ஒப்ஷன்ஸ்', அதில் 'செட்டிங்ஸ்', 'கோட் ஜெனரேஷன்' என்று போய், மொழித் தரத்துக்கான வரியில் ஐஎஸ்ஓ சி++11 ஐத் தெரிவு செய்யுங்கள். புரொஜெக்ட் ஆகத் திறந்திருந்தால் அதன் சொந்த அமைப்பிலும் மாற்ற வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். பிறகு எஃப்12 ஐ அழுத்தி முழுவதையும் மீண்டும் தொகுக்கவும்.

அக்கராயன் மாணவி:
மிக்க நன்றி, அண்ணா. அந்தச் சுழற்சி சரியாகிவிட்டது. ஆனால் 'ஓட்டோ'வுக்குப் பின் சதுர அடைப்புக்குள் பெயர், ஏக்கர் என இரண்டு மாறிகளையும் சேர்த்து எழுதிய வரி இன்னமும் நிற்கிறது. தெரிவுப் பட்டியலில் சி++17 ஐயும் காணவில்லை.

நெடுங்கேணி:
இனி எந்தத் தெரிவும் உதவாது. அந்தச் சதுர அடைப்பு எழுத்துமுறை சி++17 இல் வந்தது. ஜிசிசி அதை ஏற்கத் தொடங்கியது 7 ஆம் பதிப்பிலிருந்துதான். தெரிவு என்பது கொம்பைலருக்கு ஏற்கெனவே தெரிந்த தரங்களில் ஒன்றைத் திறந்துவிடுமே தவிர, தெரியாததைக் கற்றுக்கொடுக்காது. தோழியின் உபுண்டுவில் இருப்பது ஜிசிசியின் 11 ஆம் பதிப்பு. இயல்புநிலை, அதாவது நாம் எதையும் தெரிவு செய்யாதபோது எடுக்கப்படும் தரம், 6 ஆம் பதிப்பில் சி++14 ஆக உயர்ந்து, 11 ஆம் பதிப்பில் சி++17 ஆயிற்று என்பதால்தான் அங்கே எதுவும் கேட்காமல் ஓடியது.

எந்தத் தரம் நடைமுறையில் இருக்கிறது என்பதை ஊகிக்காமல் கொம்பைலரிடமே கேளுங்கள். இரண்டு அடிக்கோடுகளை ஒட்டி 'சிபிளஸ்பிளஸ்' என்று சிறிய ஆங்கில எழுத்துகளில் எழுதும் மக்ரோவை (கொம்பைலர் தானே மதிப்புக் கொடுத்து வைத்திருக்கும் பெயர்) அச்சிட்டால், 98 க்கு 199711, 11 க்கு 201103, 14 க்கு 201402, 17 க்கு 201703 என்று விடை வரும். மாணவர்களுக்கு நான் முதலில் செய்யச் சொல்வது இதுதான், ஏனெனில் மாற்றிவிட்டோம் என்று நாம் நம்பும் அமைப்பு பல வேளைகளில் மாறியிருக்காது.

கணினியை மாற்றாமல் முடிக்க விரும்பினால், ஒரே மாறியை எடுத்து அதன் 'ஃபேர்ஸ்ட்' (பெயர்), 'செக்கண்ட்' (ஏக்கர்) உறுப்புகளைப் பயன்படுத்துங்கள். சி++11 க்கு அது போதும். சி++17 தான் வேண்டுமெனில், டெவ்-சி++ போன்ற இன்னொரு மென்பொருளான கோட்-பிளொக்ஸின், ஜிசிசி 8.1 ஐ உள்ளடக்கிய 20.03 பொதியை நிறுவி, கொம்பைலர் அமைப்பில் சி++17 க்கான பெட்டியைக் குறியிடுங்கள். அதன் இயல்புநிலை சி++14 என்பதால் அந்தக் குறி அவசியம்.

அக்கராயன் மாணவி:
மக்ரோ 201103 என்றது. 'ஃபேர்ஸ்ட்', 'செக்கண்ட்' கொண்டு திருத்தி எழுதினேன். அக்கராயன், இரணைமடு, வவுனிக்குளம் என்று மூன்று வரிகளும் இரண்டு கணினிகளிலும் ஒரே மாதிரி வருகின்றன.